ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு

என் புருஷன் செபஸ்டியனுக்கு வீரம் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவரை ஒரு பிரெஞ்சு நகரசபை அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்.

"சிவாஜினி, நான் ஒரு துப்பாக்கி செய்யக் குடுக்கப் போறேன்."

"ஆரைச் சுட?"

"காட்டுப் பன்றி! என் புரோவுல கூட வேலை செய்யற டேமியன் இருக்கான்ல, அவங்க வேட்டைக் கூட்டத்துல என்னையும் சேத்துக்கிறானாம். ஞாயித்துக்கிழமைதோறும் காட்டுக்கு."

"அப்ப கடையிலை தொங்குற ஒண்டை வாங்குங்கோவன்."

"அது ஊருக்கெல்லாம் பொதுவா செஞ்சது. துப்பாக்கின்னா கோட்டு தைக்கிற மாதிரி. கை நீளம், தோளு, கண்ணு எல்லாம் அளந்து, நம்ம தேவைக்கேத்த மாதிரி செய்யணும்."

"மீன் தலையைப் பார்த்தாலே மற்றப் பக்கம் திரும்புற ஆளுக்குப் பண்டியிலை என்ன தேவை?"

"இதெல்லாம் பொம்பளைங்களுக்குப் புரியாது, விடு."

விடுவதா? நான் சட்டம் படிக்கிறவள். அம்மா வயிற்றிலிருந்தே வாதாடிக்கொண்டு வந்தவள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

ஆனால் பிரச்சினை பன்றி இல்லை, ஞாயிறு. கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம் அது: ஞாயிற்றுக்கிழமை என் படிப்புக்கு. மகள் ஆனைஸ் பிறந்து எட்டு மாதம். அன்று ஒரு நாள்தான் அவளை அவர் பார்ப்பார், நான் ஆய்வேடு எழுதுவேன். பெப்ரவரியில் கொடுக்காவிட்டால் என் முழு வருடமும் தண்ணீரில். வேட்டைக் காலமும் பெப்ரவரி வரைக்கும்தான். துப்பாக்கி வந்தால் ஞாயிறு போகும். ஞாயிறு போனால் பட்டம் போகும். ஒரு பன்றிக்காக!

மூன்று நாள் வாதாடினேன். மூன்று நாளும் அவர் வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியைக் குறிபார்த்தார்.

பிறகு வேட்டை அனுமதிப் பரீட்சைக்கு ஒரு தடித்த புத்தகம் வந்தது. "கேள்வி கேளு" என்று என்னை உட்கார வைத்தார்.

"தாய்ப் பண்டிக்குப் பின்னாலை குட்டியள் வந்தால் என்ன செய்வியள்?"

"எத்தனைன்னு எண்ணுவேன்."

"பிழை."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "வேலியைத் தாண்டேக்கை?"

"பாத்துத் தாண்டுவேன்."

"முதல்லை துப்பாக்கிக் குண்டை வெளியிலை எடுக்கவேணும், மனுசன்!"

ஒவ்வொரு பிழைக்கும் சரியான விடையை நான்தானே தேடிச் சொல்ல வேண்டும்? ஒரு மாதத்தில் புத்தகம் முழுவதும் எனக்குப் பாடம். பாடமாக்கினதை வீணாக்குவானேன் என்று நானும் விண்ணப்பித்தேன். அவர் முத்திரை குத்தும் நாட்களில் பயிற்சிக்கும் போனேன். அவர் இரண்டாம் தடவையில் பாஸ். நான் முதல் தடவையிலேயே. அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லையே?

பாஸான சந்தோஷத்தில் இருந்தவரிடம், "சரி, உடன்படிக்கை ஒண்டு எழுதுவம்" என்றேன். ஒரே ஒரு வரி எழுதினேன்: 'ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு சிவாஜினிக்கு.'

அவர் வாசித்தார். முகம் விரிந்தது.

"ஞாயித்துக்கிழமைத் துவக்கமா? அப்ப காலை உனக்கு, மத்தியானம் எனக்கு! முழு நாளும் கேட்டவ இவ்வளவு இறங்கி வந்துட்டியே. ஆனா 'ம்' விட்டுட்ட பாரு. யூனிவெர்சித்தே படிச்சு என்ன புண்ணியம்?"

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

போட்டார் கையெழுத்து. சாட்சிக்கு, எங்கள் வீட்டுக்குக் கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கும் கோசலை அக்காவைக் கூப்பிட்டோம். அக்காவும் என்னைப் போல யாழ்ப்பாணம். தாளை வாசித்தார். என்னைப் பார்த்தார். வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து கொஞ்ச நேரம் இருமினார். பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனி துப்பாக்கி செய்பவரிடம் போனோம். வெள்ளை மீசைக் கிழவர். ஆனைஸ் தகப்பனின் நெஞ்சில் கட்டிய பையில் தூங்கினாள்.

"யாருக்கு?" என்று அளவு நாடாவை எடுத்தார் கிழவர்.

செபஸ்டியன் ஓரடி முன்னால் வைத்தார். நான் இரண்டடி வைத்தேன். மேசையில் என் அனுமதி அட்டை, பக்கத்தில் உடன்படிக்கை.

"இது என்னா?"

"என்ரை பெர்மி. மற்றது நீங்கள் கையெழுத்து வைச்சது. ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு எனக்கு."

"காலை உனக்குன்னுதானே ஒத்துக்கிட்டேன்?"

"காலை இல்லை, துவக்கு! துவக்கெண்டால் என்னெண்டு கோசலை அக்காட்டைக் கேளுங்கோ."

கேட்டார். கைபேசி கடை முழுவதும் கத்தியது: "துவக்கோ? வெடி வைக்கிற சாமான் தம்பி! நீங்கள் துப்பாக்கி எண்டுவியள், நாங்கள் துவக்கெண்டுவம். அண்டைக்கு அது தெரியாமலே கையெழுத்து வைச்சனீங்கள்?"

அவருக்குப் புரியட்டும் என்று இத்தனை நாளும் துப்பாக்கி, துப்பாக்கி என்றே நான் சொல்லிப் பழகியதற்குக் கிடைத்த பலன்!

"அநியாயம்! துவக்குன்னா ஆரம்பம்!"

"அது துவக்கம். 'ம்' இல்லையெண்டு நீங்கள்தானே கண்டுபிடிச்சனீங்கள்?"

என் ஆய்வேட்டின் தலைப்பே 'ஒப்பந்தங்களில் இருபொருள் தரும் சொற்கள்' என்பதுதான். சந்தேகம் வந்தால் கட்டுப்பட்டவர் பக்கமே, அதாவது இங்கே அவர் பக்கமே, தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அதை அவர் வாசித்திருக்கலாம். பொம்பளைகளின் விஷயம் என்று விட்டுவிட்டார்.

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யார் வென்றது என்று தெரிந்துவிட்டது. நாடாவை என் பக்கம் திருப்பினார்.

"மதாமின் தேவை என்ன? ஓடும் பன்றியா, நிற்கும் மானா?"

"மரத்தில் கட்டிய பரண். நாலு மணித்தியாலம். ஒருவரும் என்னோடு பேசக்கூடாது. பன்றி வராவிட்டாலும் பாதகமில்லை. குண்டு போடவே மாட்டேன், மடியில் புத்தகம் இருக்கும்."

"அப்படியானால் பாரமில்லாதது." குறித்துக்கொண்டார். கை நீளம் அளந்தார். தோள் அளந்தார். ஒரு விரலை நீட்டிக் கண்ணைச் சோதித்தார். "இடது கண், இடது கை. கைபிடியும் கட்டையும் இடப்பக்கத்துக்கே செய்கிறேன். இதை வேறு யாரும் தூக்கிக் குறிபார்க்க முடியாது."

செபஸ்டியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனைஸ் அதற்கு முன்பே திறந்துவிட்டாள். அழுகை கடையை அதிரவைத்தது. அவர் அவளை ஆட்டினார், தட்டினார், சுவரில் தொங்கிய மான் கொம்புகளுக்குக் கீழே நடந்து நடந்து பாட்டுப் படித்தார்.

கிழவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரிடம் போனார். பிள்ளைப்பையின் வாரை இழுத்து ஒரு துளை இறுக்கினார். எட்ட நின்று, ஒரு கண்ணை மூடி, மேலும் கீழும் பார்த்தார்.

"முசேக்கு இதுதான் அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது."