கல் வைக்காமல் தூக்கிய டிரெய்லர்

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தொரு வயதுவரை வாய் வரவில்லை. 'உனக்குத் தெரியுமா?' என்று யாராவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் என் தலை ஆடிவிடும். இப்போதெல்லாம் எந்த வேலையானாலும் முதலில் 'தெரியாது' என்கிறேன். தெரிந்த வேலைக்கும் அதே பதில்தான். (இதனால் வீட்டில் பல்பு மாற்றக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. அது ஒரு வசதி.) என்னை இப்படித் திருத்தியது தோட்டத்து டிராக்டர் இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்தவர்கள், வரிசை வீடுகளான லயங்களிலிருந்து லயம் லயமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா செல்லம்மாவுக்கும், மச்சான் சின்னையாவுக்கும், மச்சானுடைய அம்மா மூக்காயிக்கும் காகிதம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை; நான் இங்கேயே இருக்க வேண்டியவன். அம்மாவும் அப்பாவும் இறந்துபோன பிறகு எனக்குச் சோறு போட்டு, சட்டை துவைத்து, அடித்து வளர்த்தவள் அக்காதான். அவள் போகிற நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதை வெளியே காட்டாமல் இருக்க, அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாக அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

மாலை ரயிலைத் தெமோதரை ஸ்டேஷனில் பிடிக்க வேண்டும். ரயிலை விட்டால் தலைமன்னாரில் கப்பல் போய்விடும். கப்பல் போய்விட்டால் எல்லாக் காகிதத்துக்கும் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அக்கா இருந்த லயத்துக் காம்பரா அறையையோ அன்று காலையிலேயே வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அந்த ஒரு ரயிலைத் தவிர அவர்களுக்கு இருக்க இடமே கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை.

தோட்டத்து டிரைவர் அன்று பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் அவருடைய உதவியாள். லைசென்ஸ் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெரிய கிளாக்கர் காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, என்னைக் கூப்பிட்டார்.

"தனியா ஓட்டிருவியாடா?"

"கண்ணக் கட்டிக்கிட்டே ஓட்டுவேங்க."

"தொறந்துக்கிட்டே ஓட்டு. வழியில டயர் கியர் போனா?"

"அஞ்சு நிமிச வேலைங்க."

(டிரைவர் டயர் மாற்றும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் பாக்டரிக்கு முன்னால், மேசை போன்ற தரையில். ஸ்பேனரை நன்றாகவே எடுத்துக் கொடுப்பேன்.)

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாமான் ஏற்றினோம். இரண்டு தகரப் பெட்டி, பாய்ச் சுருட்டு, பானை சட்டி, கடைசியாக அம்மி. அது எங்கள் அம்மா அரைத்த அம்மி. கல்யாணத்தில் அக்கா அதைத்தான் மிதித்தாள். பிறகு அதையே சீராகவும் கொண்டுபோனாள். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கப்பல்ல கல்லு ஏத்த விடுவாங்களா புள்ள?"

"விடலேன்னா நான் மடியில வச்சுக்கிறேன்" என்றாள் அக்கா. அம்மியும் குழவியும் டிரெய்லரின் வால்புறத்தில் ஏறின.

பயணம் போகிற வண்டிக்கு உள்ள முறைப்படி இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். மூக்காயி அத்தை பெரிய பெட்டியின் மேல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். கிளம்பிய வண்டியிலிருந்து இடையில் இறங்கினால் போன காரியம் விளங்காது என்பது அவருடைய உறுதியான கொள்கை.

தெமோதரைக்குப் போகிற பாதை முழுக்க இறக்கம்தான். நாலாம் நம்பர் மலையில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. டயர் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

வெடித்தது டிரெய்லரின் இடப்பக்கத்து டயர். நான் குதித்து இறங்கி, மாற்று டயரை உருட்டிக் கீழே போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டேன். அக்கா பார்க்கிறாள் அல்லவா? அவள் மனதில் என்னைப் பற்றிய கடைசிப் படம் இதுவாகத்தான் இருக்கும் என்று வேறு தோன்றியது. (இருந்தது. நான் நினைத்த மாதிரி அல்ல.)

முதலில் டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றினேன். கழற்றினால் பாரம் குறையும், ஜாக்கி லேசாக ஏறும் என்பது என் கணக்கு. டிரெய்லரைப் பின்னால் போகாமல் பிடித்துக்கொண்டிருந்ததே டிராக்டர்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. முன்பக்கம் ஓர் இரும்புக் காலில் நின்றது டிரெய்லர்.

மச்சான் மெதுவாகக் கேட்டார்: "மத்த வீலுக்கு ஒரு கல்லு முட்டுக் குடுக்கலாமா ராசு?"

"தேவயில்ல மச்சான். பிரேக்குப் போட்டிருக்கு."

பிரேக் போட்டிருந்தது உண்மை. டிராக்டருக்குப் போட்டிருந்தது.

"அத்தை, கொஞ்சம் எறங்கிக்கங்க" என்றேன், பேருக்கு.

"காலு வச்சாச்சு. இனி ஸ்டேசன்லதான் எறங்குவேன்" என்றார் மூக்காயி அத்தை. டிரைவராக இருந்தால் இறங்க வைத்திருப்பார். 'அஞ்சு நிமிசந்தானே, இருங்க' என்று நான் தாராளமாக விட்டுவிட்டேன்.

ஜாக்கியைப் பாதை ஓரத்து மண்ணில் வைத்தேன். அடியில் பலகை கொடுக்கவில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. டிரெய்லர் ஏற ஏற, ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. 'பரவாயில்லயே, நல்லா ஏறுதே' என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் நட்டுகளைக் கழற்ற வேண்டும் என்று நினைவு வந்தது. வண்டியைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவற்றை இளக்கியிருக்க வேண்டும். அந்தரத்தில் நின்ற சக்கரம், ஸ்பேனரை அழுத்த அழுத்தக் கூடவே சுற்றியது. சக்கரத்தை மச்சானிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தேன்.

நட்டு அசையவில்லை. டிரெய்லர் அசைந்தது.

ஜாக்கி சாய்ந்தது. மச்சான் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் தெறித்து விழுந்தோம். டிரெய்லர் இரும்புக் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு, மூக்காயி அத்தையோடு பின்னால் நகர்ந்து, அவசரமே இல்லாமல் பாதையைக் கடந்து, தேயிலைக்குள் இறங்கியது. அதற்குக் கீழே சரிவு. சரிவின் அடியில் பிள்ளைக்காம்பரா, அதில் தோட்டத்துக் கைக்குழந்தைகள். அக்கா 'அத்தே!' என்று கத்திக்கொண்டு ஓடினாள். நான் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தேன்.

மூன்று வரிசைச் செடியை முறித்துக்கொண்டு, நாலாவது வரிசையில் டிரெய்லர் நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெட்டி மேல் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"வந்துட்டமா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. நின்றது போலத் தெரிந்த வண்டி இன்னும் விரல் விரலாக நகர்ந்துகொண்டிருந்தது. மச்சான்தான் பாய்ந்தார். வால்புறத்தில் கைக்கு அகப்பட்டது அம்மி. அதை இழுத்து, சக்கரத்தின் பின்புறம் அடியில் செருகினார். வண்டி ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. நான் 'தேவையில்லை' என்று சொன்ன கல் அது.

டிரெய்லரின் முன்கம்பி வளைந்துபோயிருந்தது. டிராக்டரில் மாட்ட முடியாது. மச்சான் மணி பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேல் வரிசைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். இருபது பேர் இருக்கும். கூடவே வீரமுத்துக் கங்காணி. அவர் டிரெய்லரைப் பார்த்தார், முறிந்த செடியைப் பார்த்தார், வெறும் கையோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"எந்த ரயிலு?"

"பொழுது சாயப் போறதுங்க" என்றார் மச்சான்.

"குறுக்கால எறங்கினா புடிச்சிரலாம்" என்றவர், பெண்கள் பக்கம் திரும்பினார். "கொழுந்தைக் கொட்டுங்க."

ஒருத்தி தயங்கினாள். "வாடிப் போயிருமே கங்காணி."

"வாடட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன். கூடையில சாமானப் போடுங்கம்மா."

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விரித்துக் கொழுந்தைக் கொட்டினார்கள். பானையும் சட்டியும் துணி மூட்டையும் தகரப் பெட்டியில் இருந்ததும் கூடைகளுக்குள் போயின. காலிப் பெட்டிகளை இரண்டு பேர் தலையில் வைத்துக்கொண்டார்கள். மூக்காயி அத்தையை மச்சான் முதுகில் தூக்கிக்கொண்டார். (தரையில் கால் வைக்க அப்போதும் அவர் சம்மதிக்கவில்லை. கொள்கை கடைசிவரை காப்பாற்றப்பட்டது.)

நானும் ஒரு மூட்டையை எடுத்தேன். கங்காணி கையைப் பிடித்தார்.

"நீ எங்க போற? கீழ பிள்ளைக்காம்பரா. கல்லு நழுவினா வண்டிய யாரு பாக்குறது? விட்டுட்டுப் போனேன்னா வேலையில இருந்து பேர வெட்டிருவாங்க."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அக்கா அம்மியைப் பார்த்தாள். அதை எடுத்தால் வண்டி போய்விடும். செடிக்குள் கிடந்த குழவியை மட்டும் எடுத்து, முந்தானையால் துடைத்து, ஒரு கூடையில் போட்டு அதைத் தானே முதுகில் மாட்டிக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து, கிரீஸ் அப்பியிருந்த கன்னத்தைத் தடவினாள்.

"கல்ல எடுத்துறாதடா. வண்டி நிக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினோம். வரிசையாக இருபது கூடைகள் குறுக்குப் பாதையில் இறங்கின. எது அக்காவின் கூடை என்று சவுக்குமரத் திருப்பம் வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் டிரெய்லர் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் கூவியது கேட்டது. பிடித்துவிட்டார்கள் என்று கங்காணி வந்து சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்திக்கு நான் வாய்விட்டு அழுதேன். இருபத்தொரு வயது, லைசென்ஸ் உள்ள டிரைவர்.

மறுநாள் வேறு டிராக்டர் வந்து டிரெய்லரை இழுத்தது. என்னை மூன்று மாதம் புல் வெட்ட அனுப்பினார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அம்மியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் நடுவில் சக்கரம் தேய்த்த கறுப்புத் தடம் இருந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. பிறகு முப்பது வருஷம் டிராக்டரும் லொறியும் ஓட்டினேன். அந்த அம்மி எப்போதும் வண்டியிலேயே இருந்தது. எந்தச் சரிவில் நிறுத்தினாலும் முதலில் அதைத்தான் இறக்குவேன். ஒரு நாள் மட்டும் வண்டியிலிருந்து வீட்டுக்கு வந்தது, என் கல்யாணத்துக்கு. 'லொறி மிதிச்ச அம்மிய மிதிச்சு வந்தவ நான்' என்று என் மனைவி யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள்.

அக்கா கோத்தகிரியில் இருக்கிறாள். அங்கேயும் தேயிலைதான். அவள் மகள் கல்யாணத்துக்கு அடுத்த வீட்டு அம்மியை இரவல் வாங்கினார்களாம். குழவி மட்டும் எங்களுடையது. அவளுடைய ஒவ்வொரு கடிதமும் 'வண்டி நிக்குதா?' என்றுதான் தொடங்கும். 'கல்லு வச்சிருக்கேன்' என்று நான் தொடங்குவேன். கடிதம் போய் போன் வந்த பிறகும், ஹலோ சொல்லும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. பேரப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். போனை எடுத்ததுமே 'வண்டி நிக்குதா?' என்று கத்துகிறார்கள்.

போன தைப் பொங்கலன்று அக்கா கூப்பிட்டாள்.

"வண்டி நிக்குதாடா?"

"நிக்குதுக்கா. கல்லு வச்சிருக்கேன்."



"கல்லுதான் வச்சிருக்கியே" என்றாள். "அப்ப வண்டிய விட்டுட்டு வாயேண்டா."

மறுவாரம் பதுளைக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். படத்தை வாங்கிப் பார்த்த என் மனைவி, பிறகு வாசல் மூலையில் கிடந்த அம்மியைப் பார்த்தாள்.

"கப்பல்ல விடமாட்டாங்களாமே, பிளேன்ல விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். "விடலேன்னா மடியில வச்சுக்கிறேன்."