அத்தை இல்லாத வீட்டு ரேடியேட்டர்

குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் நீராவி ரேடியேட்டர் விடாமல் சீறிக்கொண்டிருந்ததால் லெஸ்டர் பிங்கஸ் அதற்குத் தன் காலுறையை மாட்டிவிட்டான்.

ரேடியேட்டரின் பக்கவாட்டில் தோட்டா வடிவத்தில் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். வென்ட் என்பார்கள். உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடுவதும், நீராவி வந்து தொட்டதும் வாயை மூடிக்கொள்வதும்தான் அதன் வேலை. இந்த வென்ட் முதல் வேலையை மட்டும் செய்தது. நடுநடுவே துப்பவும் செய்தது.

பிராங்ஸ் பகுதியில் வேறு யாராக இருந்தாலும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெசிமைக் கூப்பிட்டிருப்பார்கள். லெஸ்டரால் முடியாது. ஆவணங்களின்படி அவன் அந்த வீட்டிலேயே இல்லை. நாற்பது வருடமாக வீட்டின் வாடகை ஒப்பந்தம் ஹாரியட் அத்தை பெயரில் இருந்தது. அத்தை குடியிருக்கும்வரை வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்பது சட்டம். அத்தையோ இரண்டு வருடமாக ஃப்ளோரிடாவில் வெயில் காய்கிறாள். இது நிர்வாகக் கம்பெனிக்குத் தெரிந்தால் லெஸ்டர் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். மாடிப்படியில் யாராவது கேட்டால், “அத்தையைப் பார்க்க வந்தேன்” என்பான். இரண்டு வருடமாகப் பார்க்க வந்துகொண்டிருந்தான்.

காலுறை சீறலை நிறுத்தியது. ஆனால் ஊறிப்போய்ச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டியது பலகைத் தரை வழியாகக் கீழே இறங்கியது. கீழிருந்து துடைப்பக் கட்டையால் இடித்தார்கள்.

“மேல் வீட்டம்மா! என் படுக்கை மேல மழை பெய்யுது!”

யெசெனியா. போன கோடையில் குடிவந்தவள். நைட் டியூட்டி நர்ஸ். பகலில் தூங்க வேண்டியவள்.

பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. லெஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அத்தை ஆனான்.

“யாரது?”

“நான்தாங்க... பெசிம். கீழ தண்ணி ஒழுகுதாம்.”

“நான் குளிச்சிட்டிருக்கேன்!”

“ரொம்ப நல்லதுங்க! நிதானமா குளிங்க. அவசரமே இல்ல.”

காலடிகள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடின. தன் குரல்வித்தையில் லெஸ்டருக்கே ஒரு மரியாதை வந்தது.

அத்தைக்குப் போன் செய்தான்.

“அத்தை, படுக்கையறை ரேடியேட்டர் சீறுது.”

“நான் இருந்தப்பவும்தான் சீறிச்சு. நான் திருப்பிச் சீறுவேன். அடங்கிடும்.”

“விளையாடாதீங்க. பெசிம் வாசல் வரைக்கும் வந்துட்டான்.”

“ஐயையோ, உள்ள விட்டுடாதடா! அடியில குழாய்கிட்ட ஒரு திருகு இருக்கும். முழுசா மூடு. பாதியில நிறுத்தாத.”

திருகு பாதி வரை வந்தது. அங்கேயே இறுகிவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அதன்பின் நீராவி உள்ளே வரப் பார்த்தது, தண்ணீர் வெளியே போகப் பார்த்தது, இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. ‘டங்! டங்!’ உள்ளே யாரோ சுத்தியலோடு மாட்டிக்கொண்டதுபோல் ரேடியேட்டர் அதிர்ந்தது. துடைப்பக் கட்டையும் கீழிருந்து தாளம் தப்பாமல் பதில் சொன்னது.

நண்பகலில், நிலவறையிலிருந்து நீராவி அனுப்பும் பாய்லர் ஓய்ந்தது. இதுதான் சமயம் என்று லெஸ்டர் அத்தையின் பாக்குவெட்டி போன்ற வால்நட் உடைப்பானால் வென்ட்டைப் பிடித்துத் திருகிக் கழற்றினான். தெரிந்த ஓட்டையில் ஒயின் பாட்டில் தக்கையை அடைத்தான். வென்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் மோர்ட்டி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“இது வென்ட்டா, ஈஸ்டர் முட்டையா? பெயிண்டை எடுத்தாத்தான் நம்பர் தெரியும்.”

கத்தியால் சுரண்டினார். வெள்ளை வந்தது. அதன் அடியில் பழுப்பு. அப்புறம் பச்சை. அப்புறம் ரோஜா நிறம்.

“ரோஸ்! எண்பத்தஞ்சு, எண்பத்தாறாம் வருஷம் அடிச்சதா இருக்கும்.”

“அப்போ அத்தைக்கு ஒரு காதல் இருந்துச்சு.”

“அது இங்க பொறிக்கல. ஆங், இதோ. நாலாம் நம்பர். மெதுவா காத்தை விடற ரகம். படுக்கையறைக்கு அதுதான் சரி.”

“இதைவிட வேகமா எதுவும் இல்லியா?”

“இருக்கு. பெரிய ஹாலுக்குப் போடறது. சின்ன ரேடியேட்டர்ல மாட்டினா தண்ணியையும் சேர்த்துத் துப்பும்.”

“அதையே குடுங்க. எனக்கு அவசரம்.”

“அவசரம் உனக்குத்தான் தம்பி, ரேடியேட்டருக்கு இல்ல.” வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தார். “நிமிர்த்தி மாட்டணும். தலைகீழா மாட்டினா அப்புறம் நான் பொறுப்பில்ல. ஆமா, ஓட்டையை எதால மூடிட்டு வந்தே?”

“ஒயின் தக்கை.”

மோர்ட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு லெஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு இரங்கல் செய்தி இருந்தது.

“இந்தக் குளிர்ல பாய்லர் இவ்வளவு நேரமா சும்மா இருக்கும்? ஓடு!”

நான்காம் மாடியில் அத்தை வீட்டுக் கதவின் அடியிலிருந்தே ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே தக்கை எதிர்ச்சுவர்க் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தது. வீடு முழுக்க வெண்புகை. சுவர்க்காகிதம் தானாகவே உரிந்து தொங்கியது.

ஆவி சுடாமலிருக்க லெஸ்டர் சட்டைமேல் அத்தையின் பூப்போட்ட கனத்த அங்கியைப் போட்டுக்கொண்டான். தலையில் துண்டைச் சுற்றினான். கையில் அடுப்புக் கையுறை. கண் தெரியாமல் தடவித் தடவிப் புது வென்ட்டை ஓட்டையில் வைத்துத் திருகினான். நன்றாக இறுகியது. தலைகீழாக.

வென்ட் ஒரு முறை இருமியது. பிறகு வெந்நீரைக் கட்டில் முழுக்கப் பீய்ச்சி அடித்தது.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம், கூடவே யெசெனியாவின் குரல்.

“பெசிம், சாவியைப் போட்டுத் திறங்க! அந்தம்மா உள்ள வெந்துட்டிருக்காங்க!”

“அவங்க குளிக்கறாங்கம்மா... அப்புறமா வரலாமே...”

“காலையில இருந்தா? என்ன ஆளுய்யா நீங்க! சாவியைப் பிடிச்சிட்டு நிக்கறீங்களே! குடுங்க இப்படி!”

சாவி திரும்பியது.

“குளிச்சிட்டிருக்கேன்!” என்று லெஸ்டர் மூக்கைப் பிடித்துக் கத்தினான். கையுறையோடு மூக்கைப் பிடித்ததில் அது வாத்து அலறியதுபோல் ஒலித்தது.

கதவு திறந்தது. யெசெனியா பெசிமை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்; ஆவியைப் பார்த்துத் தான் மட்டும் வெளியே நின்றுகொண்டாள். புகைக்கு நடுவே அங்கியும் துண்டுமாக ஓர் உருவம் நிற்பதை பெசிம் பார்த்தான்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று லெஸ்டருக்குப் புரிந்தது. வீடு போச்சு. உண்மையையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் பெசிம் ஈரத் தரையில் தடாலென்று மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“ஹாரியட் அம்மா, கம்பெனிக்கு மட்டும் சொல்லிடாதீங்க! நிஜ பெசிம் ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு, நான் அவரோட மச்சான், இந்தக் கட்டடத்துல அவர் முகம் தெரிஞ்ச பழைய ஆளு நீங்க ஒருத்தங்கதான்னு உங்க வாசப்படி தாண்டாமலே இருந்தேன், சத்தியமா எனக்கு ரேடியேட்டரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா!”