சந்தா கட்டாதவர்

"அந்தக் கம்பெனியை மூட வச்சுட்டுத்தான் இன்னிக்குச் சாப்பாடு!" என்று சபதம் போட்டார் இலவசம்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது தெரு. சலவைக்கடையில் யார் சட்டை யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிசகாமல் சொல்லும் மென்பொருளை எழுதி, இணையத்தில் சும்மா போட்டுவிட்டவர். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்று தாராளமாக எழுதியும் வைத்தார். அதற்காகப் பார்த்த வேலையையும் விட்டார். வீட்டு வாடகை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகான்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்!

இப்போது எவனோ அதற்கு வேறு பெயர் வைத்து, கடை கடையாக விற்கிறானாம்.

"நிறத்தை மாத்திட்டு மாசா மாசம் சந்தா வாங்குறான்! வெட்கமா இல்ல?"

"நிறத்துக்கா வாங்குறாங்க?" மனைவி வெங்காயம் நறுக்கியபடி கேட்டாள். "கடையில போய்ப் போட்டுக் குடுக்கணும், சொல்லிக் குடுக்கணும், நின்னு போனா போன் எடுக்கணும். அதுக்குத்தானாம்."

"போன் எடுக்கிறதெல்லாம் ஒரு தொழிலா? சீ!"

"நீங்க ஒரு தடவையாவது எடுத்திருக்கீங்களா?"

"நான் படைப்பாளிடீ!"

"சரி படைப்பாளி, ரசீது ரெண்டு ரெண்டா அச்சாகுதாம். ஒரு கடைக்காரர் புலம்பினார். பாருங்க."

புலம்பும் கடைக்காரர்கள் அவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் கிடைப்பார்களோ, தினம் ஒரு குறையோடு வருவாள். தன் மென்பொருளைக் குறை சொன்னால் இலவசத்துக்குப் பொறுக்காது. சபதத்தைச் சற்று ஒத்திவைத்து, ரசீதைச் சரிசெய்து இணையத்தில் போட்டார். பிறகு பால்கனிக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் அடித்தார்.

"வணக்கம் சார், என்ன உதவி வேணும்?"

குரலில் தேன் ஒழுகியது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் இவ்வளவு இனிமையாக எவரும் பேசியதில்லை.

"உங்க முதலாளியைக் கூப்பிடும்மா!"

"சந்தா எண் சொல்லுங்க சார்."

"அதை எழுதினதே நான்தான்!"

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா சந்தா கட்டாதவங்களுக்கு உதவி கிடையாது சார்."

போனுக்குள் குக்கர் விசில் அடித்தது.

"ஆபீஸ்ல சமையலா? தூ, இதெல்லாம் ஒரு கம்பெனி!"

அடுத்த விசில் இரண்டு காதிலும் கேட்டது. நம் வீட்டிலும் அதே நேரத்துக்கு வேகிறதே என்று வியந்தார். அறிவாளி அல்லவா! மூன்றாவது விசிலுக்குத்தான் உறைத்தது. போனும் கையுமாகச் சமையலறைக்கு ஓடினார்.

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மனைவி அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளிதான் பேசறேன் சார், சொல்லுங்க," என்றாள் அதே தேனோடு.

"அடிப்பாவி! என் மென்பொருளையா விக்கிறே?"

தேன் வற்றிப் பழைய குரல் வந்தது. "விக்கலாம்னு எழுதி வச்சது யாரு? மூடணும்னா சொல்லுங்க, இப்பவே மூடிடறேன். வாடகையை நீங்க கட்டிடுங்க."

இலவசம் போனை அணைத்தார். சபதம் பேரமாக மாறியது.

"மூட வேண்டாம். எனக்கு ஒரு சம்பளம் போடு. நீ கொண்டுவந்த குறையெல்லாம் உன் சந்தாக்காரங்களோடதுதானே? அத்தனையும் சரிபண்ணினது யாரு?"

"அது நியாயம்தான். ரசீது என்னாச்சு?"

"அப்பவே முடிச்சுப் போட்டுட்டேனே!" என்றார் பெருமையாக.

"பார்த்தீங்களா? சும்மாவே செய்யற ஆளுக்கு எந்தக் கம்பெனியாவது சம்பளம் குடுக்குமா? தட்டை எடுங்க, சாப்பிடலாம்."