ரெயிலேறி யப்பான் போன கதை

என் சகலன் மீது எனக்குப் பொறாமை இருந்தது. (‘இருந்தது’ என்று இறந்த காலத்தில் எழுதியதைத் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த மனைவி, சிரித்துவிட்டுப் போகிறாள்.) சொந்தக் கப்பல் வைத்திருக்கிற கோடீஸ்வரனைப் பார்த்து நான் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. அவன் எந்தக் கடலில் மிதந்தால் எனக்கென்ன? வயிறு எரிவதற்கு ஆள் கிட்டத்தில் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் பெண் எடுத்திருக்க வேண்டும். ஒரே மாமியார் அவனுக்கு மட்டும் இரண்டாம் தரம் இறைச்சிக்கறி போட்டிருக்க வேண்டும். ‘சகலன்’ என்ற சொல்லை உண்டாக்கியவர் அனுபவஸ்தர். சகலமும் உள்ளவன் என்றுதானே காதில் விழுகிறது!

குகதாசன் என் மனைவி சுகந்தியின் தங்கை வசந்தியைக் கட்டியவர். பாரிசின் புறநகரான பொபினியில் வீடு, காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் உத்தியோகம், வருடத்துக்கு ஐந்து கிழமை லீவு. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் வாய்க்கு வாய் ‘அண்ணை’ என்பார். திட்டவும் வழியில்லாமல் செய்துவிடுகிற மரியாதை அது.

2009இல் எங்கள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்தது. நான் என்னுடையதை பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். அவர் தன்னுடையதைப் பயன்படுத்தினார்.

அதற்குப் பிறகு வசந்தம் வந்தால் எனக்குத் தும்மலும் முகநூலில் அவருடைய படங்களும் ஒன்றாக வரத் தொடங்கின. வெனிஸ் ஓடத்தில் வசந்தி கூறைச்சேலையோடு இருந்தாள். பிராக் நகரத்துப் பாலத்தில் இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்கள். வியன்னாவில் கோப்பிக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பாலாடை நின்றது. பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் குகதாசன் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தார். (விட்டிருக்கலாம்.)

எனக்கோ பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில் ஒரு தமிழ் அச்சகத்தில் வேலை. கலியாண அழைப்பிதழ் அடிப்போம், நினைவு மலர் அடிப்போம். காலமானவர்களின் தலையை வெட்டிக் கோட்டும் ரையும் உள்ள உடம்பில் ஒட்டுவது என் தனித்திறமை. அதுவரைக்கும் நான் செய்திருந்த பயணங்கள், லண்டனில் இரண்டு கலியாணம், ஜெர்மனியில் ஒரு செத்தவீடு.

சுகந்தி இதைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை. தங்கையின் படம் வந்தால் ஒரு லைக் போடுவாள். பிறகு கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போவாள். அந்தக் கவிழ்த்து வைக்கிற சத்தம்தான் என்னைக் கொன்றது.

2014 மார்ச்சில் பொபினியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கேக் வெட்டி முடிந்ததும் குகதாசன் தொண்டையைச் செருமினார்.

“இந்த ஏப்ரல் நாங்கள் யப்பானுக்குப் போறம். செரிப் பூ பூக்கிற நேரமாம்.”

வசந்தி பூவின் படத்தைக் காட்டினாள். சுகந்தி கனநேரம் பார்த்துவிட்டு, “நல்ல வடிவா இருக்கு” என்றாள். மூன்றே சொல். குகதாசன் என் பக்கம் திரும்பி, “அண்ணை, நீங்கள் எப்பதான் வெளிக்கிடப் போறியள்?” என்றார்.

அந்த மனிதர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார் என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“நாங்களும் யப்பான்தான். உங்களுக்கு ஒரு கிழமை முந்திப் போறம்.”

கேக் தின்றுகொண்டிருந்த சுகந்திக்குப் புரையேறியது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கதவைப் பூட்டிய பிறகுதான் கேட்டாள். “இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ?”

என் திட்டத்தைச் சொன்னேன். பாரிசுக்குத் தெற்கே சோ என்ற ஊரில் பெரிய பூங்கா இருக்கிறது. (பிரெஞ்சில் எழுத ஆறெழுத்து, சொல்ல ஓரெழுத்து.) அங்கே செரி மரத் தோப்பு இருக்கிறது. பாரிசில் இருக்கிற யப்பான்காரர்களே அங்கே பாய் விரித்துப் பூப் பார்க்கிறார்கள். மரமும் அசல், சனமும் அசல். ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு கிழமை வீட்டு ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் காரியம் முடிந்தது.

“அப்ப உங்கடை கொம்பியூட்டரிலையே ஒட்டிவிடுங்கோவன்?”

“ஒட்டலாம். எரிமலைக்கு முன்னாலையே ஒட்டலாம்.”

“வேண்டாம்” என்றாள் உடனே. “நீங்கள் இதுவரைக்கும் ஒட்டினதெல்லாம் செத்த ஆக்களின்ரை தலை.”

ஆகவே சோ என்று முடிவானது. ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தவன் ஒருவன் பயணம் போகிறான் என்று லாச்சப்பலில் தெரிந்தால், அவன் ஆள் என்ற நிலையிலிருந்து பொதி வண்டி என்ற நிலைக்கு மாறுகிறான். விமானத்தில் இருபத்துமூன்று கிலோ விட்டால், இருபது கிலோ ஊராருக்கு, மூன்று கிலோ அவனுடைய உடுப்புக்கு.

‘பயணத்துக்கு’ இரண்டு நாள் முன்னால் திலகமக்கா அச்சகத்துக்குள் வந்தார். மரக்கறிக்கடை வாசலில் தினமும் காண்கிற மனுசி. கையில் நாடா சுற்றிய பெட்டி.

“தம்பி, நீர் யப்பானுக்குப் போறீராம். என்ரை மகள் சிந்து ஒசாகாவிலை. பிள்ளைத்தாச்சி. மூண்டு மாசம். ஒண்டும் வயித்திலை நிக்குதில்லை, பச்சைத்தண்ணி குடிச்சாலும் சத்தி. வறுத்த தூளிலை ஒரு குழம்பு வச்சால் சாப்பிடுவன் எண்டு ரெலிபோனிலை அழுறாள். நான் போகலாமெண்டால் என்ரை வதிவிடக் கார்த் இன்னும் புதுப்பிச்சு வரேல்லை.”

உள்ளே வறுத்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, எலுமிச்சங்காய் ஊறுகாய், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் ஒரு கட்டு.

“அக்கா, நாங்கள் தோக்கியோ...”

“பரவாயில்லை, மருமோன் விமான நிலையத்துக்கு வந்து நிப்பார். எத்தினை மணிக்கு இறங்கிறியள்?”

யப்பானில் ஒரு மனிதன் லீவு போட்டு வராத விமானத்துக்குக் காத்து நிற்கிற காட்சி கண்ணில் வந்தது. “வேண்டாமக்கா, நாங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறம்” என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அந்தக் கையால்தான் அன்று பின்னேரம் வரைக்கும் தலைகளை வெட்டினேன்.

புறப்படுகிற திங்கட்கிழமை, பெரிய சூட்கேசை உருட்டிக்கொண்டு ஃபொபூர் சேன்-தெனி வழியாக நடந்தோம். கடைக்குக் கடை “போட்டு வாங்கோ அண்ணை!” நகைக்கடைக்காரர் கும்பிட்டார். திலகமக்கா வழியனுப்ப கார் து நோர் ரெயில் நிலையத்துக்கே வந்துவிட்டார். இங்கேதான் விதி சிரித்தது. ஆர்.இ.ஆர். ‘பி’ ரெயில் வடக்கே போனால் விமான நிலையம், தெற்கே போனால் சோ. அக்கா எங்களை வடக்கு வண்டியில் ஏற்றி, கதவு மூடும்வரை கைகாட்டினார். நல்லவேளையாக அது எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டி. லா கூர்னெவில் இறங்கி, சூட்கேசோடு படியேறி, படியிறங்கி, எதிர்ப்பக்க வண்டியைப் பிடித்தோம். அது திரும்பவும் கார் து நோர் வழியாகத்தான் போகும். அங்கே நின்ற இரண்டு நிமிடமும், அக்காவின் கண்ணில் படாமல், நான் ஆசனத்துக்குக் கீழே விழாத வீட்டுத் திறப்புக் கோர்வையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சோவில் இறங்கியதும் பார்சலைத் தபாலில் அனுப்பிவிடுவது என் உபதிட்டம். அங்கே தமிழர் வரிசையில் நிற்கமாட்டார்கள் என்பதால்தான் அவ்வளவு தூரம் சுமந்து வந்தேன். தபால் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். பதற்றத்தில் மிளகாய் என்ற பிரெஞ்சுச் சொல் தொலைந்துவிட்டது.

“பூத்ர்” என்றேன். தூள் என்று அர்த்தம். வெடிமருந்துக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான் என்பது அவளுடைய புருவம் உயர்ந்தபோது நினைவுக்கு வந்தது.

“என்ன மாதிரித் தூள், மிசியு?”

“சிவப்பு.”

“எதற்குப் பயன்படும்?”

“வாந்தியை நிறுத்த.”

பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பெயரில்லாத பையில் இரண்டு கிலோ சிவப்புத் தூள். பக்கத்தில் நூலால் கட்டிய மஞ்சள் குச்சிகள். அவள் மிகவும் மரியாதையாக, எழுந்து நின்றே, இதை அனுப்ப முடியாது என்றாள். எனக்குப் பின்னால் நின்ற கிழவர் இரண்டடி தள்ளிப் போனார்.

பார்சலோடு பூங்காவுக்கு வந்தோம். எல்லாத் துன்பத்தையும் மீறி ஒன்று சொல்ல வேண்டும், பூ பூத்திருந்தது. இளஞ்சிவப்பில் ஒரு கூரை. சுகந்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மரத்தின் கீழ் நின்றாள்.

“சிரியும்.”

“அந்தப் பிள்ளையின்ரை பார்சலைக் காலுக்குக் கீழை வச்சுக்கொண்டு எப்பிடிச் சிரிக்கிறது?”

சிரிக்காமலே எடுத்தேன். யப்பான்காரர்களும் சிரிக்காமல்தான் படத்துக்கு நிற்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, ‘யப்பானில் வசந்தம்’ என்று எழுதி முகநூலில் போட்டேன். (யப்பானுக்குப் பறக்கப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்பதை அந்த அவசரத்தில் மறந்தே போனேன்.) ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. குகதாசன்.

“அண்ணை, எங்கை நிக்கிறியள்?”

“யப்பானிலை.”

“படத்திலை உங்களுக்குப் பின்னுக்கு ஒரு யப்பான் மனிசி இருக்கிறா.”

“ஓம், இஞ்சை எல்லாம் அவைதானே.”

“அவ பகெத் கடிச்சுக்கொண்டிருக்கிறா அண்ணை.” குரலைத் தாழ்த்தினார். “பிரெஞ்சுக்காரரின்ரை ஒரு முழ நீளப் பாண். வேறை ஆரும் காண முன்னம் படத்தை எடுத்துப்போடுங்கோ.”

அவர் சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். பொறாமைப்படுவதற்கு எதிராளி கெட்டவனாக இருப்பது எவ்வளவு வசதி! அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை.

படத்தை நீக்கப் போனேன். தலை வெட்டத் தெரிந்த எனக்கு முகநூலில் ஒரு படம் வெட்டத் தெரியவில்லை. எதையோ அமத்தினேன். அந்தப் படம் பகெத்தோடு சேர்த்து என் முகப்புப் படமாக மாறி, தெரிந்தவர் எல்லாருக்கும் அறிவித்தலும் போய்விட்டது. முதல் கருத்து என் மகளிடமிருந்து. “செ லா ஓந்த், பாப்பா.” வெட்கக்கேடு என்று பொருள்.

அடுத்து வந்தது திலகமக்காவின் அழைப்பு. அவர் பகெத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“தம்பி, அப்ப பார்சல்?”

“என்னட்டைத்தான் இருக்கக்கா.”

“பிள்ளை நீங்கள் வருவியள் எண்டு வீடு கூட்டி வச்சிருக்கிறாள்.”

அவர் திட்டவில்லை. பூ என் தலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் தொலைபேசியைச் சுகந்தியிடம் கொடுக்கப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள். நானே சொன்னேன், பொய் சொன்னது நான், காரணம் பொறாமை, பார்சல் இந்தக் கிழமைக்குள் ஒசாகாவில் இருக்கும் என்று.

பிறகு உலகத்தில் நான் உதவி கேட்கவே கூடாது என்றிருந்த மனிதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் கேட்டு முடிக்கவில்லை. “அங்கையே நில்லுங்கோ அண்ணை, காரைக் கொண்டு வாறன்” என்றார். வந்தவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். “சூட்கேசிலை வசந்தியின்ரை ரெண்டு சோடிச் சப்பாத்தை எடுத்தால் இது போகும்.”

சனிக்கிழமை அவர்கள் பறந்தார்கள். கியோத்தோவுக்கு ஒதுக்கியிருந்த நாளை விட்டுவிட்டு, ஒசாகாவில் சிந்துவின் வீட்டைத் தேடிப்பிடித்துப் பார்சலைக் கொடுத்தார்கள். வசந்தியே குழம்பும் வைத்தாளாம். திலகமக்கா படத்தோடு அச்சகத்துக்கு ஓடி வந்தார். “பாத்தீரே தம்பி, பிள்ளை ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிடுறாள்!” எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் படத்தில் நான் முதலில் பார்த்தது சிந்துவையோ சோற்றையோ இல்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன பூத்திருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

2018இல் நானும் சுகந்தியும் உண்மையாகவே யப்பானுக்குப் போனோம். திலகமக்காவிடம் சொன்னபோது, “நல்லது தம்பி” என்றார். பிறகு, “குகதாசன் எப்ப போறார்?” என்று கேட்டார். எங்களிடம் ஒரு ஊறுகாய்ப் போத்தல்கூடத் தரவில்லை. லாச்சப்பலில் ஒருவரிடமிருந்தும் ஒரு பார்சலும் இல்லாமல் பயணம் போன ஒரே யாழ்ப்பாணத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். சூட்கேசில் அவ்வளவு இடம் இருந்தது.

கியோத்தோவில் ஒரு செரி மரத்தின் கீழ் சுகந்தி நின்றாள். இந்தமுறை வாய் நிறையச் சிரித்தாள். படத்தைப் போட்டோம். “சோவிலை இந்த வருசம் நல்லாப் பூத்திருக்கு” என்று முதல் கருத்து வந்தது. “மாதாந்த ரெயில் ரிக்கற்றோ அண்ணை?” என்று இரண்டாவது. மகள் படத்தைப் பெரிதாக்கிப் பாண் தேடினாள். கோயிலைக் காட்டினேன், கடவுச்சீட்டில் குத்திய முத்திரையைப் படம்பிடித்துப் போட்டேன். அச்சகத்தில் வேலை செய்பவன் முத்திரை காட்டினால் யார் நம்புவது? எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது தோய்ந்து, உடுத்து, வாசனை பூசிப் புறப்பட்டால் ஒரே கேள்விதான். “வடக்கு வண்டியோ, தெற்கு வண்டியோ?”

கியோத்தோவில் நின்ற அன்று கடைசியில் என்னைக் காப்பாற்ற வந்தவரும் குகதாசன்தான். “அண்ணையாக்கள் உண்மையாவே யப்பானிலைதான் நிக்கினம். நான்தான் விமான நிலையத்திலை இறக்கிவிட்டனான்” என்று படத்தின் கீழ் எழுதினார்.

எங்கள் படத்துக்கு முப்பத்தொரு லைக் விழுந்திருந்தது. அவருடைய அந்த இரண்டு வரிக்கு அறுபத்தெட்டு.