பஸ் வந்தால்தான் பால்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கைப்பிள்ளை வீறிட்டு அழுதால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு மனசு நிறைந்து போகும். நல்லா அழு, இன்னும் கொஞ்சம் சத்தமாக அழு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன். (வெளியே சொன்னால் அந்தத் தாய் என்னை அடிக்க வருவாள்.) இந்தக் கோளாறு எனக்கு எப்படி வந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். என் முட்டாள்தனத்தை அவர்கள் சொன்னால் இன்னும் இரண்டு கூட்டித்தான் சொல்வார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தலைப்பிரசவத்துக்கு மயிலாடிப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்கு வந்து, வசந்தாவைப் பெற்றுவிட்டுப் படுத்திருந்தேன். எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நாகர்கோவிலில் கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்தன. எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. அப்பா ரோட்டோரம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. பேறுகாலத்துக்கென்று ஒதுக்கிய அறைக்குள் எனக்கு எட்டிய உலகம் இரண்டே சத்தம்தான். பக்கத்துப் பட்டறைகளில் கல் கொத்துகிற உளிச் சத்தம் ஒன்று, நாகர்கோவில் பஸ்ஸின் ஹாரன் இன்னொன்று.

அன்றைய என் அழகைச் சொல்லிவிடுகிறேன். தலையில் வடிய வடிய எண்ணெய். மேலெல்லாம் மஞ்சள். வயிற்றைச் சுற்றி அப்பாவின் பழைய வேட்டி. மூன்று வேளையும் காயம் உருட்டி விழுங்குவேன் (பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் மருந்துக்கு எங்கள் பக்கம் காயம் என்று பெயர்). வாயைத் திறந்தால் பூண்டு. இத்தனைக்கும் நடுவில் வசந்தா ராவும் பகலும் அழுதாள். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக என் மாரைப் பார்த்தார்கள். "பாலு பத்தல்ல போல" என்று ஒருத்தி. "தாய்க்க உடம்புச் சூடு, பாலும் சூடு" என்று இன்னொருத்தி. அவர்கள் போன பிறகு நான் சுவரைப் பார்த்துப் படுத்து அழுவேன். வீட்டில் அழுகிறவர்கள் அப்போது இரண்டு பேர், பெரியவளுக்குச் சத்தம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் (அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்) மலையோரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளார்க். சனிக்கிழமைதோறும் வருவார். இருபதாவது நாள் சனிக்கிழமை அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தவர், பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு உள்ளே வந்தார். சினிமா நட்சத்திரம் ஒருத்தியின் படம். (பெயர் வேண்டாம், அவள் எனக்கு ஒரு தீங்கும் நினைக்கவில்லை.) பிள்ளை பெற்று ஒரு மாதம்தான் ஆகிறதாம். பட்டுச் சேலை, பிடி இடுப்பு, தலை நிறையப் பூ. மடியில் தொப்பி போட்ட குழந்தை, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இவளும் பிள்ளை பெத்தவதான், பாத்துக்கோ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அம்மா கொடுத்த முறுக்கைத் தின்னப் போய்விட்டார். தான் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை என்று சாகும்வரை சத்தியம் செய்தார், நானும் நம்புகிறேன். அன்றைக்கு மட்டும் அந்த ஒரு வரி என் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

படத்துக்குக் கீழே பேட்டி இருந்தது. என் குழந்தை அழுவதே இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால். நடுவில் அழுதால் எடுக்கக் கூடாது, தாய் ஒரு தடவை இரங்கினால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி பால் கிடையாது. மூன்றே வாரத்தில் பிள்ளை தானாக அழுகையை நிறுத்திவிடும், தாயும் தூங்கி எழுந்து பழைய அழகுக்குத் திரும்பிவிடலாம். அதற்குக் கீழே 'ஆனால்' என்று ஒரு சொல். அதோடு தாள் கிழிந்திருந்தது. மீதிப் பாதி யார் வீட்டுக்கோ மிளகாய் வற்றலோடு போயிருக்க வேண்டும். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

முறை தெரிந்துவிட்டது, மணி பார்க்கத்தான் வழியில்லை. வீட்டில் கடிகாரம் கிடையாது. அப்போதுதான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. காலை ஆறுக்கு முதல் பஸ். பிறகு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு. ராத்திரி எட்டரைக்குக் கடைசி பஸ். அந்த நட்சத்திரத்துக்காகவே ஓட்டினது மாதிரி இருந்தது. ஹாரன் கேட்டால் பிள்ளையை எடுப்பேன். கேட்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்வேன்.

டயர் பஞ்சரான நாளில் பிள்ளைக்கு நாலரை மணி நேரப் பட்டினி. டிரைவருக்கு வீட்டில் ஏதோ அவசரம் என்று விரட்டிக்கொண்டு வந்த நாளில் அடுத்தடுத்து இரண்டு விருந்து. எங்கள் ஊர் ரோட்டில் ஒரு கைப்பிள்ளையின் வயிற்றையும் சேர்த்து ஓட்டுகிறோம் என்பது பாவம் அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் என் உடம்பும் பழகிவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டதும் ஜாக்கெட் நனையும்.

அம்மா சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, பச்சப்பிள்ளை தொண்டை வறண்டு அழுகுதுல்லா. எடுத்துக் குடு. பஸ்ஸு என்ன உனக்க பிள்ளைக்கு மாமனா மச்சானா?" என்று சண்டை போட்டாள். ஒரு தடவை எனக்குத் தெரியாமல் சங்கில் பசும்பால் புகட்டினாள். கண்டுபிடித்து, இனிச் சோறு தின்னமாட்டேன் என்று உண்ணாவிரதம் இருந்துவிட்டேன். (நாட்டுக்காக உண்ணாவிரதம் இருந்தவர்கள் உண்டு, நான் ஒரு கிழிந்த காகிதத்துக்காக இருந்தேன்.) பிள்ளை பெற்றவள் வயிறு காயலாமா என்று பயந்து அம்மா விட்டுக்கொடுத்தாள். பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டால் அவள் அடுக்களையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள். எனக்கும் அழுகை வரும். பிள்ளை அழ அழ என் மார் கனத்து வலிக்கும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன், நல்ல தாய் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வசந்தாவுக்குக் கால்கள் குச்சியாகிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தேன். தொப்பி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை பஸ் வரவில்லை. ராத்திரி எப்படியும் பால் கிடையாதே என்று படுத்துவிட்டேன். விடிந்தது, ஆறு மணி பஸ்ஸும் வரவில்லை. உளிச் சத்தமும் இல்லை. நாகர்கோவிலில் கலவரமாகி, கடையடைப்பு, பஸ் ஓடாது என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் அந்த அறைப் பக்கம் வருவதில்லை, என்னிடம் சொல்லவேண்டிய செய்தி என்றும் நினைத்திருக்க மாட்டார். வசந்தா விடியற்காலையில் கொஞ்சம் முனகினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! மூன்று வாரம், சொன்ன சொல் தவறாமல் மூன்றே வாரம்!

"பாத்தியளாம்மா? அழாம கெடக்கா. நீங்கதான் நம்பல்ல."

அம்மா எட்டிப் பார்த்தாள். அவளும் பல ராத்திரி தூங்காதவள். "என்னவோ மக்கா, இன்னைக்காவது ஒறங்கட்டும்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை, அத்தான் வருவார். சீயக்காய் தேய்த்து எண்ணெயைப் போக்கினேன். வேட்டியை அவிழ்த்து எறிந்தேன். கல்யாணப் பட்டு, முகத்தில் அரை டப்பா பவுடர், தலையில் பிச்சிப்பூ. வசந்தாவுக்கு என் பழைய பாவாடைத் துணியில் தைத்து வைத்திருந்த தொப்பியைப் போட்டேன். படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதே மாதிரி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சரித்து, தலையைச் சாய்த்துச் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை. இரண்டு மூன்று தடவை சிரித்தேன்.

அந்த நேரம்தான் செல்லம்மை உள்ளே வந்தாள். வசந்தாவைப் பிறப்பித்த மருத்துவச்சி. காய்ச்சலில் கிடந்ததால் பத்து நாளாகப் பிள்ளையைக் குளிப்பாட்ட வரவில்லை. வாசலில் நின்று என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கிட்டே வந்து தொப்பியைக் கழற்றி உச்சியில் கை வைத்தாள். உச்சி குழிந்து கிடந்தது.

"எப்பம் மோண்டா?"

எனக்குத் தெரியவில்லை. அடியில் விரித்திருந்த துணி நேற்று விரித்தபடி காய்ந்து கிடந்தது.

"அழவே இல்ல செல்லம்மை, சமத்தா..." என்று ஆரம்பித்தேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. அவள் கையெல்லாம் என் பவுடர்.

"சவமே, பிள்ளை அழாம கெடக்கல்ல. அழியதுக்குப் பெலம் இல்லாம கெடக்கு."

மாரில் வைத்தால் வசந்தா உதட்டைக்கூட அசைக்கவில்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அம்மா தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், அப்புறம்தான் அன்றைக்கு பஸ்ஸே இல்லை என்பது அவளுக்கும் உறைத்தது. எந்த பஸ் வரவில்லை என்று நான் பால் கொடுக்காமல் இருந்தேனோ, அதே பஸ்தான் பிள்ளையைக் காப்பாற்றவும் வரவில்லை.

பட்டறை முன்னால் ஒரு காளைவண்டி நின்றது. அதில் ஆட்டுரல் ஒன்று ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவர்கள் கடையடைப்பென்று போய்விட்டார்கள். இறக்க அப்பாவாலும் வண்டிக்காரராலும் முடியவில்லை. அதனால் ஆட்டுரலுக்கு இந்தப் பக்கம் செல்லம்மையும் அந்தப் பக்கம் நானும், பட்டுச் சேலையும் பிச்சிப்பூவுமாக. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது என் காலில் வந்து இடித்தது. செல்லம்மை என் பாலைப் பஞ்சுத் திரியில் பீய்ச்சி நனைத்து, சொட்டுச் சொட்டாக வசந்தாவின் உதட்டில் விட்டுக்கொண்டே வந்தாள். சொட்டு கடைவாயில் வழிந்தது. நான் சாமியைக் கூப்பிடவில்லை. அழு, அழு, அழு என்று பிள்ளையைத்தான் கூப்பிட்டேன்.

சுசீந்திரம் தாண்டுமுன் ரோட்டில் கல்லைப் போட்டு மறித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலே, வாங்கலே" என்று ஒரு கூப்பாடு. நாலு பேர் ஏறி ஆட்டுரலை இறக்கி ஓரத்தில் வைத்தார்கள், கல்லை விலக்கினார்கள். வண்டி பறந்தது. (ஆட்டுரல் மூன்று நாள் கழித்தும் அங்கேயே இருந்ததாம். அதை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?)

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்ட நர்ஸ் என்னைத் தாண்டிப் பார்த்தாள். "பிள்ளைக்க தள்ளை எங்கே?"

"நான்தான்."

அவள் என் பட்டையும் பூவையும் பவுடரில் கண்ணீர் ஓடிய கோடுகளையும் பார்த்தாள். "கல்யாணத்துக்குப் போன எடத்துல சீக்கு வந்துதா?" என்றாள். அவள் குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மூன்று நாள் மூக்கில் குழாய். பிழைக்குமா என்று கேட்டால் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இரண்டாவது நாள் அத்தான் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். நான் சொன்னதால்தான் என்று அவர், நான் செய்ததால்தான் என்று நான். கல்யாணம் ஆகி நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையின் குழாயைச் சரிசெய்துகொண்டே அவள் சொன்னாள்.

"அந்தப் பத்திரிகையை நானும் படிச்சேன். அவளுக்க வீட்டுல பிள்ளைக்குன்னு ரெண்டு ஆயா உண்டு. அழுதா அவங்கதான் எடுத்துப் புட்டிப் பாலு குடுப்பாங்க. இவளுக்குக் கேக்காது. அதுவும் அதுலதான் போட்டிருந்துது, கீழே."

அந்த 'ஆனாலு'க்குக் கீழே.

நான்காவது நாள் சாயங்காலம் வசந்தா அழுதாள். பூனைக்குட்டி அளவுக்குத்தான் சத்தம். வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நான் அழுதேன். அந்த நாட்களில் வற்றிப்போயிருந்த என் பால் மெல்ல மெல்லத் திரும்பியது. அவள் எழுந்து நடக்க இரண்டு வயதுக்கு மேலே ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு நாளும் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பால் மறந்து வெகுநாள் ஆன பிறகும், நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் கேட்டால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

வசந்தா பேசத் தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் இது கேலி. சோறு பரிமாறத் தாமதமானால் "அம்மா, பஸ் வந்தாச்சா?" என்பாள். பிறகு பிறந்த பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் முன்னால்கூடக் கேட்டார்கள். அத்தானும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். என் வாயால் மட்டும் அதைச் சொன்னதில்லை.

வசந்தா தன் தலைப்பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். தலைமாட்டில் வழவழப்பான பத்திரிகை ஒன்று. அட்டையில் வேறொரு நட்சத்திரம், வேறொரு தொப்பிக் குழந்தை. பிள்ளை வீறிட்டு அழுதது. வசந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னும் மூணு மணிக்கூர் ஆகல்லியேம்மா. இப்பவே குடுத்தா பழகிருமாம்."

பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"பஸ்ஸு வந்தாச்சு மக்கா. குடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது. நான் குனிந்து, அது விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று காது வைத்துப் பார்த்தேன்.