நூறு வாங்கியவன் கடைசி

தொம்மலூர், பெங்களூரு

மரியாதைக்குரிய சகலை சந்திரன் அவர்களுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். தாங்களும் சீதாலட்சுமியும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. மூத்த மாப்பிள்ளை நான் நிற்க, மாமனார் வீட்டுப் பந்தியில் உங்களுக்கு முதல் இலை போட்டதைக்கூடப் பதினெட்டு வருடமாகச் சொல்லிக் காட்டியதில்லை. இது வேறு.

நம் கம்பெனியில் நீங்கள் எச்.ஆர். தலைவர், நான் புரோகிராமர். இந்த வருட மதிப்பீட்டில் எனக்கு நூற்றுக்கு நூறு. மதிப்பெண்களைக் குறைவிலிருந்து அடுக்கி, முதல் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். முதல் பெயர் என்னுடையது. ஏனென்றால் அடுக்கிய புரோகிராம் எண்ணை எண்ணாகப் பார்க்கவில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் இலக்கத்தைப் பார்த்தது. நூறு ஒன்றில் தொடங்குகிறது, முப்பத்தைந்து மூன்றில். ஆகவே நூறு சின்னது. ஜாவாஸ்கிரிப்டில் இவை எண்கள் என்று சொல்லாமல் அடுக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும், கத்துக்குட்டிக்கும் தெரியும். ஒன்பது மார்க் வாங்கிய தேஜஸ் எல்லோருக்கும் மேலே. இப்போது என் டீமுக்கு அவன்தான் லீட்.

உங்கள் எச்.ஆர். பிரிவு ஸ்னேஹாவிடம், "ஒன்பது பெருசா, நூறு பெருசாம்மா?" என்று கேட்டேன். "சிஸ்டத்துல ஒன்பதுதான் சார் மேல இருக்கு. பேட்ஜக் குடுத்துடுங்க. லன்ச் வேணா சாப்ட்டுப் போங்க" என்றாள். உங்கள் அறைக்கு வந்தால், "அண்ணே, சொந்தக்காரருக்காக லிஸ்ட்ட மாத்தினா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்கிறீர்கள். சீதாலட்சுமியின் அக்கா பார்கவிக்கு இன்னும் தெரியாது. தினமும் அவள் கட்டித்தரும் சாப்பாட்டோடு கிளம்பி அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறேன். ஐம்பத்திரண்டு வயசுல எவன்யா இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவான்? மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் புரோகிராமைத் திறந்து, அந்த வரியை எழுதின முட்டாளைக் கண்டுபிடித்து, என் வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

குழந்தை ரக்ஷாவுக்கு என் ஆசிகள். தாங்களும் ஒரு வருடம் நூறு வாங்கி நீடூழி வாழ்க.

பி.கு.: புரோகிராமைத் திறக்க வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய பிரதியை இன்று பார்த்தேன். ஏழு வருடம் முன்னால் அந்த வரியை எழுதினது நான்தான். போன ஆட்குறைப்பில் முதல் பெயர் ஹெர்பர்ட். "நூறு வாங்கினேனேப்பா" என்று வந்து நின்றவரிடம், "சிஸ்டம் பொய் சொல்லாது ஹெர்பர்ட்" என்று சொல்லி லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டதும் நான்தான். மேல்முறையீடு செய்தால் அவர் கணக்கும் வெளியே வரும், செய்யப்போவதில்லை. எழுதியதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.