நானாக விரும்பித்தான் விடுகிறேன், சத்தியமாக

அன்பு மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டியும் தலை தப்பி நிற்கும் அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அக்கா கோபம். அங்கே எப்படி?

அப்பா பிழைக்கப் போன நாட்டில் அம்மா என்னைப் பெற்றாளே, கைக்குழந்தையாக இங்கே வந்தவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை, ஆனால் அந்த நாடு மட்டும் என்னை மறக்கவில்லை, அங்கே பிறந்ததால் நான் இன்னும் அவர்கள் குடிமகனாம். நான் இங்கே சிரைக்கிற தாடிக்கு இங்கே வரி கட்டினால் போதாதாம், அவர்களுக்கும் வருஷாவருஷம் கணக்குக் காட்டணுமாம். காட்டாததால் சலூன் கணக்கையே மூடிவிடுவோம் என்கிறது பேங்க். “பேசாம அந்தக் குடியுரிமையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாய்யா, கடையாவது மிஞ்சும்” என்று உன் அக்கா விரட்ட, தூதரகம் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மா. “நீங்களா விரும்பித்தான் விடுறீங்களா, யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. “கல்யாணம் ஆனவன்கிட்ட கேக்கிற கேள்வியாம்மா இது? வீட்டுல சொன்னாங்க, வந்துட்டேன்” என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கட்டாயத்தின் பேரில் வந்தவர் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை, நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள உன் அக்காவும் கூடவே வந்தாள். அதே கேள்வி. நான் வாயைத் திறக்கவே இல்லை மச்சான், பழக்க தோஷத்தில் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் “ஆமான்னு சொல்லு” என்று தலையாட்டினாள். தொலைந்தது! காவலாளி வந்து அவளை வெளியே கூட்டிப் போனார்.

“அம்மா, நானா எடுத்த முடிவுன்னு என் வாழ்க்கையிலே இது ஒண்ணுதான். இதையும் நம்பலேன்னா எப்படி?” என்று கெஞ்சினேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். “மேலிடத்துல இருந்து போன் பண்ணிச் சம்மதமான்னு கேப்பாங்க. ஆமான்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் பேசாதீங்க” என்றார்.

வெளியே வந்து உன் அக்கா கையைப் பிடித்து நடுத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினேன். “விடுய்யா, ஜனங்க பாக்குது” என்றாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் ஒரே நாட்டுக்காரராக, ஒரே வரியோடு, நீண்ட நாள் வாழணும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் வந்தது. “குடியுரிமையை விடச் சம்மதமா?” என்று ஒருத்தன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான். போன மாசம் போலீஸ்காரன் குரலில் பேசி என்னை மிரட்டினாயே, அதே நீதான் என்று நினைத்து, “உயிரே போனாலும் விடமாட்டேன்டா!” என்று கத்திப் போனை வைத்துவிட்டேன். அது நீதான் என்று உடனே பதில் போடு. நீ இல்லையென்றாலும் நீதான் என்றே போடு. பதிலைப் பிரித்துப் படிக்கப்போவது உன் அக்கா.